நாலு நிமிஷப் பருத்தி

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் மேலதிகாரி முதல் தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அவர் தராசண்ணன். சின்னக் கரண்டியின் நுனியால் ஒரு பொடியைக் கிள்ளி எடுத்து வைத்தாரென்றால் அது பத்து மில்லிகிராம் இருக்கும். எந்திரம் வேறு எண்ணைக் காட்டினால் எந்திரத்துக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பழுது பார்ப்பவரைக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட பெயர்.

கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில், ஜன்னலே திறக்காத ஓர் அறைதான் அவருடைய இடம். மூலையில் கனமான கல்மேடை. அதன்மேல் சூட்டு எந்திரம். அரைப் பயறு கொள்ளும் ஒரு குட்டிக் கிண்ணத்தில் பொடியை வைத்து மூடினால், அது பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றிக்கொண்டே எடை பார்க்கும். எந்தச் சூட்டில் எவ்வளவு எடை போனது என்று திரையில் ஒரு கோடு வரும். பொருள் தாக்குப்பிடிக்கும்வரை கோடு மேசை மாதிரி நேராகப் போகும். உடைய ஆரம்பித்ததும் சரிந்து விழும். அந்தச் சரிவு எந்தச் சூட்டில் தொடங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் மேல்மாடிகளில் இருந்த படித்தவர்கள் எல்லாம் அவரிடம் பொடிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவர் அதைச் செய்துகொண்டிருந்தார். சட்டையில் எப்போதும் லேசாகக் கருகிய வாசனை இருக்கும்.

அவர் மனைவிக்கு ஓர் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இஸ்திரி வேலை. அவள்மேலும் அதே வாசனைதான். "ரெண்டு பேரும் தீஞ்ச வாடையோட வந்து நிக்கிறோம். வீட்டைக் கொளுத்திட்டு வந்தவங்க மாதிரி இருக்கு," என்பாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த ஆய்வாளர் வந்து சேர்ந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். இரண்டு வருஷ ஒப்பந்தம். குட்டையாக வெட்டிய முடி, பிடி உடைந்த ஒரு தேநீர்க் கோப்பை, காகிதப் பை நிறையச் செடி, தட்டை, நார் என்று வந்து இறங்கியவர், முதல் நாளே தராசண்ணனின் அறைக்கு வந்து, கதவை மெதுவாகச் சாத்தினார். கதவை அறைந்தால் கல்மேடை அதிரும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்த முதல் ஆள் அவர்தான். தராசண்ணனுக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

பருத்தி, சணல், மரக்கூழ், வைக்கோல், சோளத்தட்டை என்று ஐந்தையும் அவர் மேல்மாடியில் வாரக்கணக்கில் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, கழுவி, வேண்டாததையெல்லாம் போக்கினார். கடைசியில் ஐந்து ஜாடிகளில் ஐந்து வெள்ளைப் பஞ்சு. லேபிளைக் கிழித்துவிட்டால் எது எது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே மேடம்?" என்று கேட்டார் தராசண்ணன்.

"ஒரே சரக்குதான் அண்ணா. செல்லுலோஸ். சர்க்கரையைக் கோத்துக் கோத்து நீளமா கட்டின சங்கிலி. சங்கிலி அஞ்சுலயும் ஒண்ணுதான், ஆனா அதுங்க அடுக்கியிருக்கிற விதம் வேற. பருத்தியில நெருக்கமா, வரிசை பிசகாம இருக்கும். வைக்கோல்ல அங்கங்க அடுக்கு கலைஞ்சு தாறுமாறா கிடக்கும். நெருக்கமா அடுக்கினது சூட்டுக்குச் சீக்கிரம் உடையாது, கலைஞ்சு கிடக்கிறது சட்டுனு உடைஞ்சுடும்னு நான் நினைக்கிறேன். அதை உங்க எந்திரம்தான் சொல்லணும்."

"சொல்லி என்ன பண்ணப் போறீங்க?"

"உருகின பிளாஸ்டிக்ல நாரைக் கலந்து பலகை அச்சடிக்கிறாங்கல்ல, வண்டிக்கதவுக்கு உள்பக்கம் வைக்க? எந்தச் செடியோட நார் அந்தச் சூட்டைத் தாங்கும்னு முன்னாடியே தெரிஞ்சா, எதை வாங்கிறதுன்னு தெரியும். இல்லன்னா அச்சுக்குள்ளயே கருகிப்போகும்."

அடுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை எக்ஸ்ரே அறையில் பஞ்சைப் பஞ்சாகவே வைத்து முதலிலேயே அளந்து வைத்துவிட்டார். பருத்தி முதல் இடம், வைக்கோல் கடைசி. இனி எந்தச் சூட்டில் உடைகிறது என்று பார்க்க வேண்டியதுதான். ஆனால் பஞ்சு அந்தக் குட்டிக் கிண்ணத்தில் உட்காராது, துருத்திக்கொண்டு நிற்கும். கொஞ்சம் அரைத்து நாரைக் குட்டையாக்கித்தான் வைக்க வேண்டும்.

அரைப்பதற்கு இருந்தது பால் மில். பந்துபோல இரும்புக் குண்டுகளை ஜாடிக்குள் போட்டு உருட்டி இடிக்கும் எந்திரம் என்பதால் அந்த ஆங்கிலப் பெயர். புதிதாக வருகிறவர்கள் பால் கறக்கிற சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். ஆய்வாளர் ஒரு தாளில் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார்: மொத்தம் நான்கு நிமிடம். ஒவ்வொரு நிமிடமும் நிறுத்தி ஆறவிட வேண்டும். பிறகு சல்லடையில் சலிக்க வேண்டும்.

"ரொம்ப அரைச்சுடாதீங்க அண்ணா," என்று வாயாலும் சொன்னார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் மேடம்," என்றார் தராசண்ணன்.

ஐந்து பஞ்சு, ஒவ்வொன்றிலும் ஆறு மாதிரி. ஆக முப்பது. நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்துவதுகூடப் பரவாயில்லை. சலிப்பதுதான் உயிரை வாங்கியது. சீப்பில் சிக்கிய முடிபோல நார் சல்லடைக் கண்களில் சிக்கிக்கொள்ளும். தட்டித் தட்டி, தூரிகையால் தள்ளித் தள்ளி, ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். அவருக்கோ வலது தோளில் பழைய வலி. முதல் மூன்று மாதிரிகளைச் சொன்னபடி செய்தார். நான்காவது மாதிரியை ஜாடியில் போட்டு நேரக் குமிழைத் திருகிவிட்டு, இரண்டு நிமிஷம் என்று எலெக்ட்ரீசியனின் அறைக்குப் போனார்.

அங்கே சதுரங்கப் பலகை இருந்தது. முந்தின நாள் பாதியில் விட்ட ஆட்டம். எலெக்ட்ரீசியன் குதிரையைத் தூக்கி ஒரு வம்பான கட்டத்தில் வைத்திருந்தார். தராசண்ணன் நின்றபடியே ஒரு காய் நகர்த்தினார். அப்புறம் உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்து எழுந்தபோது பால் மில் இரண்டு மணி நேரம் ஓடி, குமிழில் அதற்கு மேல் நேரம் இல்லாததால் தானாக நின்றிருந்தது.

அவசரமாகத் திரும்பி வந்தார். ஜாடியைத் திறந்தார். கருகவில்லை. நிறம் மாறவில்லை. எடை போட்டார், குறையவில்லை. ஆனால் பொடி முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி இருந்தது. சல்லடையில் கொட்டினால் கேட்காமலே இறங்கியது. இதில் என்ன கெட்டுவிட்டது என்று தோன்றியது அவருக்கு. நைஸாக அரைத்தால் நல்லதுதானே. பதிவேட்டை எடுத்தார். அரைத்த நேரம் என்ற கட்டத்தில் மற்ற மூன்றுக்கும் எழுதியபடியே நாலு என்று எழுதினார்.

ஒருமுறைதான் தவறிப்போய் நடந்தது. மற்ற இருபத்தாறும் தவறி நடந்தவை அல்ல. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஜாடியில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சதுரங்கம் ஆடப் போனார். முதலில் ஒழுங்காக அரைத்த மூன்றும் இவற்றோடு ஒட்டாமல் கரகரவென்று இருந்ததால், ஒரே மாதிரி இருக்கட்டுமே என்று அவற்றையும் மறுபடி ஜாடியில் போட்டு ஓடவிட்டார். இதைச் செய்தபோது அவருக்குத் தன் வேலையின் சீர்மேல் ஒரு பெருமைகூட இருந்தது.

கோடுகள் வந்தன. ஆய்வாளர் திரைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பருத்தி, சணல், மரக்கூழ், வைக்கோல், சோளத்தட்டை, ஐந்தும் ஏறக்குறைய ஒரே சூட்டில் சரிந்தன. பருத்திக்கு மற்றவற்றைவிட எந்த மதிப்பும் கிடைக்கவில்லை.

"எங்கயோ தப்பு அண்ணா. இன்னொரு தடவை பண்ணலாமா?"

பண்ணினார்கள். தராசண்ணன் அதேபோல ஜாடியில் போட்டுவிட்டுச் சதுரங்கம் ஆடப் போனார். அதே விடை. சூட்டு எந்திரத்தையே சந்தேகப்பட்ட ஆய்வாளர், உருகுநிலை தெரிந்த உலோகத் துண்டுகளை வைத்து அளவைச் சரிபார்த்தார். எந்திரத்தில் பிசகில்லை. மூன்றாம் முறையும் அதே விடை. முப்பது கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்ததைக் கண்டு, கடைசியில் ஆய்வாளர் தான் நினைத்ததுதான் தப்பு என்ற முடிவுக்கு வந்தார்.

"நான் ஆசைப்பட்டது நடக்கலங்கிறதுக்காக எண்ணைக் குத்தம் சொல்ல முடியுமா அண்ணா? அடுக்கு எப்படி இருந்தாலும் சூட்டுக்கு ஒண்ணுதான் போல," என்றார். பிறகு சிரித்தபடி, "உங்க பொடி மாதிரி இந்தக் கட்டடத்துல யாராலயும் அரைக்க முடியாது," என்றும் சொன்னார்.

அறிக்கை வெளியே போயிற்று. அதில் நன்றி சொல்லும் இடத்தில் தராசண்ணனின் வீட்டுப் பெயர் அச்சாகியிருந்தது. அவர் ஒரு பிரதி எடுத்துக்கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார். அவள் அதை அலமாரியில் பத்திரங்களோடு வைத்தாள்.

நான்கு மாதம் கழித்து வினை வந்தது. வேறோர் ஊரில் உள்ள ஆய்வுக்கூடத்தில் அதே பருத்தியையும் வைக்கோலையும் வாங்கிச் சோதித்திருந்தார்கள். அவர்களுடைய பருத்தி இங்கே சரிந்ததைவிட முப்பது டிகிரி மேலே போய்த்தான் சரிந்தது. வைக்கோல் அதற்கு முன்னாலேயே சரிந்துவிட்டது. ஆய்வாளர் முதலில் நினைத்தபடியேதான் எல்லாம் இருந்தது. ஆனால் அவருடைய அறிக்கைதான் அதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கூட்டம் போட்டார்கள். நீள மேசை. துறைத்தலைவர், ஆய்வாளர், மேல்மாடிக்காரர்கள் நாலைந்து பேர், அந்த ஊரிலிருந்து வந்த வயதான விஞ்ஞானி. எந்திரத்தை ஓட்டுபவர் என்பதால் தராசண்ணனையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவர் சுவரோரம் கிடந்த நாற்காலியில், பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வந்தவர் நல்ல மனிதர். குரலை உயர்த்தவில்லை. "உங்க எண்களைப் பாத்தா, அடுக்கு கலைஞ்சுபோன செல்லுலோஸ் நடந்துக்கிற மாதிரி இருக்கு. நீங்க எக்ஸ்ரே எடுத்தது பஞ்சை. சூடேத்தினது பொடியை. குண்டு போட்டு ரொம்ப நேரம் இடிச்சா படிக அடுக்கு நொறுங்கிப்போகும். அப்புறம் எந்தச் செடியா இருந்தாலும் ஒண்ணுதான். அதனால கேக்கிறேன், எவ்வளவு நேரம் அரைச்சீங்க?"

தராசண்ணனுக்கு அந்த நொடியில்தான் விஷயம் புரிந்தது. புரிந்தது என்றால், முப்பது ஜாடியும் ஒன்றாகக் கண்முன் வந்து நின்ற மாதிரி. நிறம் மாறாமல், எடை குறையாமல் உள்ளுக்குள்ளே ஒன்று நொறுங்க முடியும் என்று அவர் அதுவரை நினைத்ததே இல்லை.

"நாலு நிமிஷம்," என்றார் ஆய்வாளர். "பதிவேட்டுல இருக்கு."

துறைத்தலைவர் திரும்பினார். "என்ன தராசு, நாலு நிமிஷம்தானே?"

எல்லாத் தலைகளும் சுவர்ப்பக்கம் திரும்பின. தராசண்ணன் எழுந்து நின்றார். பதிவேட்டைத் திறந்து, தான் எழுதியதைத் தானே படிப்பதுபோல விரலை வைத்துப் பார்த்தார்.

"நாலு நிமிஷம் சார்."

வந்தவர் அவரை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். பதிவேடு இருக்கிறது, ஆளும் சொல்கிறார், அதற்கு மேல் என்ன கேட்பது. பேச்சு எந்திரத்தின் வெப்ப அளவுப் பக்கம் திரும்பியது. சரிபார்த்தேன் என்று ஆய்வாளர் சொன்னார், தேதி காட்டினார். சரிபார்த்திருந்தால் முப்பது டிகிரி எங்கே போயிற்று என்று கேட்டார்கள். அவர் பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பு நடந்தா ஒத்துக்கிறதுல என்ன கௌரவக் குறைச்சல்?" என்றார் துறைத்தலைவர், எல்லார் முன்னாலும். "எண்ணைப் பாத்து முடிவு எடுக்கணும். முடிவை வச்சுக்கிட்டு எண்ணைத் தேடக் கூடாது." ஆய்வாளர் எண்களை வளைத்தார் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அப்படிச் செய்யாத ஒரே ஆள் அந்தப் பெண்தான் என்பது தராசண்ணனுக்கு மட்டும் தெரியும்.

கூட்டம் கலைந்து நடைபாதையில் வரும்போது ஆய்வாளர் அவர் பக்கத்தில் வந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணா. அந்த ரூமில எனக்காக நேரா பேசினது நீங்க ஒருத்தர்தான்."

அவர் ஏதோ முனகிவிட்டுக் கழிவறைக்குள் புகுந்துகொண்டார். கண்ணாடியைப் பார்க்காமலே முகத்தைக் கழுவினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய பருத்திச் சட்டையைத் தேய்த்து முடித்ததும், தன்னுடைய ரேயான் மேல்சட்டையை எடுப்பதற்கு முன் இஸ்திரிப்பெட்டியின் சூட்டைக் குறைத்தாள். இத்தனை வருஷம் அதை அவர் கவனித்ததில்லை.

"எதுக்குக் குறைக்கிற?"

"ரேயான் தாங்காதுல்ல. பருத்திக்கு வைக்கிற சூட்டை இதுக்கு வச்சா பழுப்பேறிப் போயிடும்."

"அதுவும் மரத்துல இருந்து வர்ற நார்தானே?"

"மரமா இருந்தா என்ன? அதைக் கரைச்சு, கூழாக்கி, திரும்ப நூலா இழுக்கிறாங்க. எங்க சூப்பர்வைசர் சொல்லுவாரு, ஒரு தடவை குலைச்சுச் சேத்தது பழையபடி வராதுன்னு." சொல்லிக்கொண்டே அவரைப் பார்த்தாள். "என்ன நாலு நாளா ஒரு மாதிரி இருக்கீங்க? சோத்தையும் அளைஞ்சுட்டு எந்திரிக்கிறீங்க."

"தோள் வலி," என்றார்.

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தைலத்தை எடுத்து வந்தாள். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தார். அவள் அழுத்தித் தேய்த்துவிட, வலிக்காத இடத்தில் எல்லாம் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை, அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மிச்சமிருந்த பருத்திப் பஞ்சை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியைத் தாளில் எழுதியிருந்தபடி நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி, நான்கு நிமிஷம் அரைத்து, ஒரு மணி நேரம் சலித்தார். மறுபாதியை இரண்டு மணி நேரம் ஓடவிட்டார். இந்தமுறை நகராமல் பக்கத்திலேயே நின்றார். இரண்டையும் பத்துப் பத்து மில்லிகிராம் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சூடேற்றினார். முதல் கோடு நேராகப் போனது, போய்க்கொண்டே இருந்தது, அப்புறம் சட்டென்று விழுந்தது. இரண்டாவது அதற்கு முப்பது டிகிரிக்கும் மேலாக முன்னாலேயே தளர்ந்து சரிந்தது. ஒரே செடி. ஒரே ஜாடியில் வெளுத்தது. நடுவில் வந்து கெடுத்தது அவர் ஒருவர்தான்.

இரண்டு பொடிகளையும் எக்ஸ்ரே அறைக்கு எடுத்துப்போனார். அங்கிருந்த பெண்ணை எல்லாரும் எக்ஸ்ரே அக்கா என்பார்கள். அவர் முதல் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கூரான மேடு, அதற்குப் பக்கத்தில் சின்ன மேடுகள், அடுக்கு கலையாத பஞ்சுக்கு வருவதுபோல. இரண்டாவது படத்தைப் பார்த்து, "என்ன இது, வழிச்சுப் போட்ட மாதிரி இருக்கு? மேட்டையே காணோம். யாரோட மாதிரி இது?" என்றார்.

"சும்மா ஒரு சோதனை," என்றார் தராசண்ணன். பொய் சொல்வது இப்போது தனியாக முயற்சி எடுக்காமலே வந்தது. அது அவரைப் பயமுறுத்தியது.

சூட்டுக் கோடு இரண்டு, எக்ஸ்ரே படம் இரண்டு என நான்கு தாள்களையும் மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பதினொரு நாள் அவை பையிலேயே இருந்தன. தினமும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினார். தினமும் யாராவது, "தராசண்ணே, பத்து மில்லிகிராம் போட்டுக் குடுங்க, உங்க கைதான் ராசி," என்று வந்து நின்றார்கள். அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் காதுமடல் சூடாயிற்று. எலெக்ட்ரீசியன் வாசலில் நின்று கூப்பிட்டபோது, வேலை இருக்கு என்று திருப்பி அனுப்பினார். ஆய்வாளரின் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று எட்டாவது நாள் காதில் விழுந்தது. அதற்குப் பிறகும் மூன்று நாள் சும்மா இருந்தார். பின்னாளில் யோசிக்கும்போது, மற்ற எதையும்விட அந்த மூன்று நாள்தான் அவரால் பொறுக்க முடியாததாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை மாடி ஏறினார். ஆய்வாளர் ஜாடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தராசண்ணன் தாள்களை மேசைமேல் விரித்து வைத்தார். எந்தத் தாள் எது என்று சொன்னார்.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். ஒரு தாளைத் தொட்டார், மற்றதைத் தொட்டார். நிமிரவே இல்லை.

"எத்தனை மாதிரி?"

"எல்லாமே."

"முப்பதும்?"

"மூணு தடவையும், மேடம்."

அந்த அறையில் தண்ணீர்க் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் போய் அதை இறுக மூடிவிட்டு வந்தார்.

"ஏன்?"

"எனக்குத் தோள்ல…" என்று ஆரம்பித்தார். அது பொய்யில்லை. வலி இருந்தது, மருத்துவச் சீட்டும் இருந்தது. அந்த வழியே இறங்கிவிட்டால் கொஞ்சம் மரியாதையோடு கீழே போகலாம். ஆனால் அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "சதுரங்கம் ஆடப் போயிடுவேன். எலெக்ட்ரீசியன் ரூம்ல."

ஆய்வாளர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தார். அழுதாலும் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார். அந்தப் பெண்ணோ, சரியாகக் காதில் விழாததைத் திரும்பக் கேட்பவர்போல, "சதுரங்கமா?" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் தராசண்ணனின் இருபத்திரண்டு வருஷமும் சுருங்கி ஒரு மரப்பலகை அளவுக்கு வந்து நின்றது.

"கூட்டத்துல கேட்டாங்களே அண்ணா. அன்னிக்கு நான் உங்களுக்குத் தேங்க்ஸ் வேற சொன்னேன்."

"ஆமா மேடம்."

"வாங்க. தலைவர்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா தப்பிக்கப் பாக்கிறேன்னு நினைப்பாரு."

துறைத்தலைவர் முழுவதையும் கேட்டார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அவர் பேசியது தராசண்ணன் எதிர்பார்க்காதது.

"இதை இப்படியே விட்டுடலாம். அளவீட்டுப் பிசகுன்னு ஏற்கெனவே எழுதியாச்சு. இப்ப பதிவேடே பொய்னு வெளியில போனா, இந்த இருபத்திரண்டு வருஷமா நம்ம கூடத்துல இருந்து போன ஒவ்வொரு எண்ணையும் கேள்வி கேப்பாங்க. உங்க ரெண்டு பேருக்கும் அது நல்லதில்ல. தராசு, நீங்க பென்ஷன் வாங்கப் போற வயசு. யோசிச்சுப் பாருங்க."

ஆய்வாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். உதவி கேட்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தராசண்ணனுக்கு நடந்ததெல்லாம் கெட்ட கனவாகக் கலைந்துவிடும்போல ஒரு நிம்மதி நெஞ்சுக்குள் எழுந்தது. எழுந்தது என்பதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. இன்னும்கூடத் தப்பிக்கத்தான் பார்க்கிறேன் என்று தெரிந்தது.

"சார், நான் எழுதித் தந்துடறேன்," என்றார்.

மறுநாள் தன் கையாலேயே எழுதினார். மாதிரி எண், தேதி, எழுதிய நேரம், உண்மையில் ஓடிய நேரம் என்று நான்கு பத்தி போட்டு, தொண்ணூறு வரி. கடைசியில், கூட்டத்தில் கேட்டபோதும் நான் உண்மை சொல்லவில்லை என்று ஒரு வரி. பிரதி எடுத்து, ஒன்றைத் தலைவர் மேசையில் வைத்தார். ஒன்றைக் கூட்டத்துக்கு வந்திருந்த அந்த ஊர்ப் பெரியவருக்குத் தபாலில் அனுப்பினார். தபால்பெட்டிக்குள் போட்ட பிறகு, கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று ஒரு கணம் விரல்களால் அந்தத் திறப்பை அளந்து பார்த்ததையும் அவர் பின்னால் மனைவியிடம் மறைக்கவில்லை.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னது அந்த மாலைதான். அவள் அலமாரியைத் திறந்து, பத்திரங்களுக்கு நடுவிலிருந்து அந்த அறிக்கையை எடுத்து, அவர் கையில் கொடுத்தாள். "இதை நீங்களே என்ன பண்ணணுமோ பண்ணுங்க," என்று மட்டும் சொன்னாள். தைலம் தேய்த்துவிட்டதைப் பற்றி அவள் பேசவே இல்லை. பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

விசாரணை நடந்தது. திருத்தம் வெளியாயிற்று, அதில் அரைத்த நேரம் தவறாகப் பதிவானது என்று இருந்தது. யார் என்று இல்லை. கட்டடத்தில் எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. அவருடைய பழைய பதிவேடுகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். வேறெதிலும் தப்பில்லை. தப்பில்லை என்று அவர் முன்பே சொல்லியிருந்தார், ஆனால் அவர் சொல்லுக்கு இப்போது என்ன எடை. சூட்டு எந்திரத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவரைப் பொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். கண்ணாடிக்குடுவை, கையுறை, துடைக்கும் காகிதம். எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கிற வேலை. கேட்பவர்கள் வாங்கியதை அவர் எதிரிலேயே மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட அப்படித்தான். யாரோ சொல்லிவைத்திருக்க வேண்டும்.

ஆய்வாளருக்கு ஒப்பந்தத்தை நீட்டிப்பதாகத் தலைவர் சொன்னதாகக் கேள்வி. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கிளம்பும் நாளில் கிடங்கு வாசல் வழியாகத்தான் பெட்டிகளைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தராசண்ணன் எழுந்து நின்றார். ஆய்வாளர் தலையசைத்தார். அண்ணா என்று கூப்பிடவில்லை.

எட்டு மாதம் கழித்து, கிடங்குக் கணினியில் அவர் பெயருக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. விளிப்பு எதுவும் இல்லை. தான் இப்போது அந்த ஊர்ப் பெரியவரிடம் வேலை செய்வதாகவும், அரைக்க அரைக்கச் செல்லுலோஸின் அடுக்கு எப்படிக் கலைகிறது, அதற்கேற்ப எவ்வளவு சீக்கிரம் உடைகிறது என்று பார்ப்பதாகவும், அந்தப் பழைய எண்களை ஒப்பிட வேண்டியிருப்பதாகவும் ஆய்வாளர் எழுதியிருந்தார். ஐந்து கேள்விகள். குண்டுகள் எத்தனை, என்ன அளவு? ஜாடியில் எவ்வளவு பஞ்சு? சுற்றும் வேகம் என்ன? அறையில் ஈரப்பதம் எப்படி? அரைத்து முடித்ததும் ஜாடி சூடாக இருந்ததா?

தராசண்ணன் கிடங்கை ஒரு மணி நேரம் பூட்டிவிட்டுத் தன் பழைய எந்திர அறைக்குப் போனார். அனுமதி கேட்டு, ஜாடியைத் திறந்து, குண்டுகளை எண்ணி, ஒவ்வொன்றையும் அளந்தார். மற்றவற்றைப் பழைய பதிவேட்டில் பார்த்துக்கொண்டார். முதல் நான்கு கேள்விகளுக்கும் தசமத்தோடு விடை எழுதினார். ஐந்தாவதில் நின்றார். சூடாக இருந்திருக்கும். இரண்டு மணி நேரம் இரும்பு இரும்பை இடித்தால் சூடாகாமல் என்ன செய்யும். அப்படி எழுதினால் யாரும் மறுக்கப் போவதில்லை.

'தெரியாது' என்று தட்டினார். 'அரவை நின்று எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பி வந்தேன் என்பது நினைவில்லை. ஜாடி நின்றபோது நான் அங்கே இல்லை.'

அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது. 'பெற்றுக்கொண்டேன். குண்டுகளில் தேய்மானம் இருக்கிறதா, எடை பார்த்துச் சொல்லவும்.'

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள், "மனசு ஆறிடுச்சாமா அந்தப் பொண்ணுக்கு?"

"அதைப் பத்தி எழுதல."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல. குண்டோட எடை கேட்டிருக்காங்க. நாளைக்குப் பாத்து எழுதணும்."

அவள் துவைத்த துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பருத்தி ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். அவர் உட்கார்ந்து, அவள் எடுத்துப் போட்ட சட்டைகளை ஒன்றொன்றாக உதறி மடித்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.